தாய் ஈ முட்டையில் வைத்த புரதத்தை அகற்ற எந்த வழி?

பழ ஈக் கருவில் மரபணு ஒடுக்கத்தை, அதாவது மரபணுக்கள் இயங்காமல் அடக்கி வைக்கப்படுவதைப் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒடுக்கும் புரதத்தின் மரபணுவை இரண்டு நகலிலும் கெடுத்துவிட்டு, அப்படிப் பிறந்த கருவைப் பார்ப்பார்கள். கரு கிட்டத்தட்ட சாதாரணமாகவே இருக்கும். ‘இ-இசட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ‘என்ஹான்சர் ஆஃப் செஸ்ட்’ புரதத்தில் நடப்பது இதுதான். அதன் மரபணு முழுதும் பழுதான கருக்கள் கருப்பருவத்தைத் தாண்டி, முட்டையை உடைத்து, லார்வாவாக வளர்ந்து, அதற்கப்புறம்தான் சாகின்றன. இதை மட்டும் பார்த்தால் கருவுக்கு இந்தப் புரதம் தேவையே இல்லை என்று தோன்றும். அது தப்பான முடிவு.

காரணம் தாய் ஈ. முட்டை உருவாகும்போது, முட்டைச் செல்லோடு ஒட்டியிருக்கும் 15 செவிலிச் செல்கள் தங்களிடம் உள்ள ஆர்என்ஏ, புரதம் எல்லாவற்றையும் முட்டைக்குள் கொட்டுகின்றன. தாயின் ஒரு நகல் நன்றாக இருந்தால் போதும், முட்டைக்குத் தேவையான இ-இசட் கிடைத்துவிடும். கருவின் சொந்த மரபணு கெட்டிருக்கிறதா இல்லையா என்பது முதல் சில மணி நேரத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே கருவில் இந்தப் புரதம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், கருவை விட்டுவிட்டுத் தாயிடம் போக வேண்டும். அல்லது தாய் வைத்ததை முட்டைக்குள்ளேயே பிடித்து அழிக்க வேண்டும். இதற்கு இன்று கைவசம் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பலரும் இந்த வழிகளை ‘எது புரதத்தை முழுசாக அகற்றும்’ என்ற ஒரே அளவுகோலால் ஒப்பிடுகிறார்கள். அது இரண்டாவது கேள்வியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் கேள்வி, ‘எப்போது அகற்றும்’. ஏன் என்று சொல்ல, புரதம் செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இ-இசட் ஒரு நொதி. தனியாக இயங்காது, எஸ்க், சு(இசட்)12, பி55 ஆகிய கூட்டாளிகளோடு சேர்ந்து பிஆர்சி2 என்ற கூட்டமைப்பாக இயங்கும். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 27ஆவது இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் தொகுதிகளை ஒட்டுவது இதன் வேலை. 2002-இல் பல ஆய்வுக்குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இதைக் காட்டின. அந்த மெத்தில் முத்திரையை இங்கே ‘கே27 முத்திரை’ என்றே சொல்கிறேன். முத்திரை விழுந்த இடத்தில் பாலிகோம்ப் புரதம் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பகுதியின் மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும். இப்படி அடக்கப்படுபவற்றில் பெயர்பெற்றவை ஹாக்ஸ் மரபணுக்கள். உடலின் எந்தக் கண்டம் தலையாக, எது மார்பாக, எது வயிறாக வளர வேண்டும் என்று தீர்மானிப்பவை அவை. பாலிகோம்ப் மரபணு இவற்றை அடக்கி வைக்கும் காரணி என்று எட்வர்ட் லூயிஸ் 1978-இலேயே முன்வைத்தார். ஹிஸ்டோன் முத்திரை பற்றிய பேச்செல்லாம் அதற்கு வெகு நாள் கழித்து வந்தது.

இந்த ஒடுக்கத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. அல்ட்ராபைதொராக்ஸ் போன்ற ஹாக்ஸ் மரபணு எந்த இடத்தில் பேசக் கூடாது, அதாவது இயங்கக் கூடாது என்று முதலில் முடிவெடுப்பது பாலிகோம்ப் குழு (பாலிகோம்ப், பிஆர்சி2 உள்ளிட்ட ஒடுக்கும் புரதங்கள்) இல்லை. ஹன்ச்பேக் போன்ற, சில மணி நேரமே உயிர்வாழும் புரதங்கள்தான் அந்த முடிவை எடுக்கின்றன. அவை மறைந்த பிறகும் முடிவு மாறாமல் காப்பதே பாலிகோம்ப் குழுவின் பங்கு. அதனால் பிஆர்சி2 இல்லாத கருவில் ஹாக்ஸ் மரபணுக்கள் முதலில் சரியான இடத்தில்தான் விழித்தெழும். பிறகுதான் எல்லை மீறிப் பரவும். எஸ்க் இல்லாத கருக்களில் அல்ட்ராபைதொராக்ஸின் ஆர்என்ஏ இப்படியே நடந்துகொள்வதை 1985-இலேயே பார்த்துவிட்டார்கள். தப்பான நேரத்தில் கருவை எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டு ‘ஒரு மாற்றமும் இல்லை’ என்று எழுதிவைக்க இங்கே நிறைய வாய்ப்பு உண்டு.

இப்போது நேரக் கணக்கு. 25 டிகிரி செல்சியஸில் முட்டை கருவுற்றதும் உட்கருக்கள் மளமளவென்று பிரிகின்றன. தொடக்கச் சுற்றுகள் ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது நிமிடம்தான். 13 சுற்றுகள் முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதன் பிறகு 14ஆவது சுற்று நீண்டு நிற்கும். உட்கருக்களைப் பிரிக்கும் செல்சவ்வுகள் அப்போதுதான் எழும்பும், கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் அப்போதுதான் விழிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிக்கும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரு இழைகளுக்கும் பங்காகப் போகின்றன; காலி இடத்தைப் புது ஹிஸ்டோன்கள் நிரப்புகின்றன. தாயின் முட்டையில் இருந்த முத்திரை யாராலும் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டால், 13 சுற்றுக்குப் பின் எட்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தேய்ந்துவிடும் (இரண்டை 13 முறை பெருக்கினால் 8,192). மாறாக, கடைசி ஒரு சுற்றில் மட்டும் நொதியை அகற்றினால் பாதி முத்திரை அப்படியே நிற்கும்.

இந்த ஒரு கணக்கே வழிகளைத் தரம் பிரித்துவிடும். முட்டை உருவாகும் கட்டத்தில் நொதியை எடுத்தால், தாயிடமிருந்து வரும் முத்திரையும் போகும், கருவில் அதைப் புதுப்பிக்கும் ஆளும் போகும். முட்டை இட்டவுடன் எடுத்தால், முத்திரை வரும், புதுப்பிக்க ஆள் இருக்காது. 13ஆவது சுற்றில் எடுத்தால், முத்திரை பெருமளவு இருக்கும், நொதி மட்டும் இருக்காது. மூன்றும் மூன்று வெவ்வேறு சோதனைகள். கருவில் தெரியும் குறை ஒன்றுபோல இருந்தாலும் அதற்கு அர்த்தம் வேறு.

சரி, வழிகளுக்கு வருவோம்.

மரபியல்காரர்கள் முதலில் சொல்வது முட்டைத் தொடர்க் குளோன்கள் (முட்டைத் தொடர் என்றால் முட்டையைத் தரும் செல்வரிசை). சூவும் பெரிமனும் 1990-களில் செம்மைப்படுத்திய முறை. தாய் ஈயின் உடல் முழுக்க மரபணுவின் ஒரு நல்ல நகல் இருக்கும். முட்டை தரும் செல்களில் மட்டும் எஃப்எல்பி என்ற நொதி குரோமோசோம் கைகளை வெட்டி மாற்றி, இரண்டு நகலும் பழுதான செல்களை உண்டாக்கும். மாற்றம் நடக்காத செல்களில் ஓவோ-டி1 என்ற ஆதிக்கப் பிறழ்வு இருப்பதால் அவற்றிலிருந்து முட்டையே வராது. ஆக, அந்தத் தாய் இடும் ஒவ்வொரு முட்டையும் நாம் விரும்பிய முட்டை. எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு! பழுதான மரபணுவை, எஃப்எல்பி வெட்டும் இடமான சரியான எஃப்ஆர்டி தளத்தோடு ஒரே குரோமோசோமில் கொண்டுவந்து சேர்க்க சில தலைமுறைக் கலப்பு வேண்டும். அப்புறம் லார்வாக்களை 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைக்க வேண்டும். வேலை அதிகம் என்றாலும் கிடைப்பது உண்மையான இன்மை; மிச்சம் மீதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் இ-இசட்டுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். முட்டைச் செல் முட்டைச் செல்லாகவே இருப்பதற்கும் பிஆர்சி2 வேண்டும். 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது: முட்டைத் தொடரில் இ-இசட் இல்லாவிட்டால், சைக்ளின் இ போன்ற செல்சுழற்சி மரபணுக்கள் அடங்காமல் போகின்றன, முட்டைச் செல் தன் அடையாளத்தை இழந்து செவிலிச் செல் மாதிரி ஆகத் தொடங்குகிறது. கருவைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். கரு உருவாவதற்கான முட்டையே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? முட்டை உருவாக்கத்துக்குத் தேவைப்படாத புரதம் என்று உறுதியாகத் தெரிந்தால், இதைவிடச் சுத்தமான முறை கிடையாது. தெரியாவிட்டால், நான்கைந்து தலைமுறைக் கலப்பில் இறங்குவதற்கு முன் அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இதே கூட்டமைப்பின் இன்னொரு உறுப்பினர் வழியாக உள்ளே நுழைவது அடுத்த வழி. இது எனக்குப் பிடித்தது, கொஞ்சம் பழைய பாணி. எஸ்க் மரபணு இரண்டு நகலும் பழுதான பெண் ஈ, நல்ல நகல் உள்ள தாய்க்குப் பிறந்திருந்தால், பெரிதாக ஒன்றும் ஆகாமல் வளர்ந்து முட்டையும் இடும். ஆண்களுக்குக் கூடுதல் கால்களில் பால்சீப்பு (ஆண் ஈயின் காலில் இருக்கும் தடித்த மயிர்வரிசை) முளைக்கும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணைப் பழுதான ஆணோடே சேர்த்தால், பிறக்கும் கருவுக்குத் தாயிடமிருந்தும் எஸ்க் இல்லை, தன்னிடமும் இல்லை. எஃப்எல்பி வேண்டாம், வெந்நீர் வேண்டாம், விரும்பிய செல்லில் மரபணுவை இயக்கும் கேல்4 வேண்டாம். கேரி ஸ்ட்ரூல் 1981-இல் இப்படித்தான் செய்தார். கிடைத்த கருக்களில் கிட்டத்தட்ட எல்லாக் கண்டங்களும் வயிற்றின் எட்டாவது கண்டம் போல மாறியிருந்தன.

இதைக் கண்ணால் பார்ப்பது ஓர் அனுபவம். இறந்த கருவின் வெளித்தோலை ஹாயர் கரைசலில் வைத்து, 60 டிகிரிக்கு மேல் ஓரிரவு சூடாக்கினால் உள்ளே இருக்கும் சதையெல்லாம் கரைந்து தோல் மட்டும் கண்ணாடி போல் மிஞ்சும். சாதாரண கருவின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு கண்டத்திலும் நுண்பற்கள் பட்டையாக வரிசை கட்டியிருக்கும். மார்பில் மெல்லிய, வெளிறிய பட்டைகள். வயிற்றில் அகன்ற சரிவகப் பட்டைகள். எட்டாவது கண்டத்தில் மட்டும் செவ்வகம் போலச் சுருங்கிய, தடித்த பற்கள். எஸ்க் இல்லாத கருவில் அந்தத் தடித்த செவ்வகம் முன்னாலிருந்து பின்னால்வரை திரும்பத் திரும்ப வரும். வயிற்றுப் பின்பகுதிக்கு உரிய ஆப்டாமினல்-பி எல்லா இடத்திலும் பேசுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஒரு ஸ்லைடு, ஒரு நுண்ணோக்கி போதும்.

இதன் குறை என்ன? எஸ்க் நொதி இல்லை. அது முத்திரை இருக்கும் இடத்தில் போய் ஒட்டி, நொதியைத் தட்டிக்கொடுத்து வேகப்படுத்தும் துணை உறுப்பு. அதற்கு எஸ்க்-எல் என்று ஒரு சகோதரப் புரதமும் உண்டு. வளர்ச்சியின் பிற்பகுதியில் அது பாதி பாரத்தைச் சுமக்கிறது. எனவே ‘பிஆர்சி2 கருவுக்கு வேண்டும்’ என்று இந்த வழியில் தைரியமாகச் சொல்லலாம். ‘இ-இசட்டின் மெத்தில் ஒட்டும் செயல்தான் வேண்டும்’ என்று சொல்ல முடியாது. தந்தையிடமிருந்து ஒரு நல்ல நகல் வந்தால் குறை கணிசமாகத் தணிந்துவிடும் என்பதால், ஆண் ஈ எது என்பதிலும் கண் வேண்டும்.

இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் முதலில் கை வைப்பது தாய்வழி ஆர்என்ஏ குறுக்கீட்டில்தான்: தாய் ஈக்குள் ஒரு சிறு ஆர்என்ஏவை உண்டாக்கி, இலக்கு மரபணுவின் ஆர்என்ஏவை அழிக்கும் முறை. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் டிரிப் திட்டம் கொண்டைஊசி வடிவ ஆர்என்ஏ தரும் ஈ வகைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, புளூமிங்டன் ஈ மையம் வழியாக யார் கேட்டாலும் கிடைக்கும்படி வைத்திருக்கிறது. அந்த ஆர்என்ஏவுக்கான மரபணுவை ஈக்குள் சேர்க்கும் வேலியம்20, வேலியம்22 என்ற வாகனங்கள் முட்டைத் தொடரிலும் இயங்கக்கூடியவை. 2011-இல் அவற்றை விவரித்த பிறகுதான் தாய்வழிப் புரதங்களை இப்படிக் குறைப்பது எல்லோருக்கும் கைக்கெட்டியது. ஒரு கலப்பு, பத்து நாளில் பெண் ஈக்கள், அவற்றை ஆண்களோடு சேர்த்தால் மறுவாரம் முட்டை. வேறெந்த வழியும் இந்த வேகத்துக்குப் பக்கத்தில் வராது.

ஆனால் இந்த வழியின் உயிர் கேல்4 இயக்கியில் இருக்கிறது. எம்டிடி என்ற மும்மடங்கு இயக்கி முட்டை உருவாக்கத்தின் ஆரம்பத்திலேயே, தண்டுசெல் கட்டத்திலேயே தொடங்கிவிடும். தாய்வழி ஆல்ஃபா-டியூபுலின் இயக்கியோ அந்த முதல் கட்டம் தாண்டிய பிறகுதான் பலமாக இயங்கும். இ-இசட் விஷயத்தில் இது வாழ்வா சாவா என்கிற வித்தியாசம். ஆரம்பத்திலேயே எடுத்தால் முட்டைச் செல்லின் அடையாளத்துக்கே ஆபத்து என்று மேலே பார்த்தோம். தாமதமாகத் தொடங்கும் இயக்கியை எடுத்தால் முட்டை உருவாகிவிடும், அதற்குள் போகும் நொதி குறைந்துவிடும். நொதியை எப்போது எடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் பிடி உங்கள் கையில் இருக்கிறது. பலர் அதைப் பற்றி யோசிக்காமல், அலமாரியில் எந்த இயக்கி இருக்கிறதோ அதை எடுத்து முடித்துவிடுகிறார்கள்.

ஃப்ரைபர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் நிக்கோலா இயோவினோ குழு 2017-இல் காட்டியதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. முட்டை கே27 முத்திரையைக் கருவுக்குக் கையளிக்கிறது. தாய் வைத்த இ-இசட் அந்த வேகமான சுற்றுகளுக்கு நடுவிலும் அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது. தாய்வழி இ-இசட்டைக் குறைத்தால், அடங்கியிருக்க வேண்டிய ஊக்கிப் பகுதிகளில் 27ஆவது லைசினில் மெத்திலுக்குப் பதில், மரபணுவைப் பேசவைக்கும் அசிட்டைல் ஏறிவிடுகிறது. கருவின் மரபணுக்கள் விழிக்கும் நேரத்தில் சில மரபணுக்கள் காலத்துக்கு முன்பே பேசத் தொடங்குகின்றன. கரு பிற்பாடு தன் சொந்த இ-இசட்டைத் தயாரித்து முத்திரையை மறுபடி போட்டாலும் காப்பாற்ற முடியவில்லை. எனக்கு இதில் ஈர்ப்பானது அந்தக் கடைசிப் பகுதி. முத்திரை திரும்ப வந்தது, ஆனால் நேரம் தவறி வந்தது; அதனால் பயன் இல்லை.

குறுக்கீட்டின் பலவீனங்களும் தெரிந்தவைதான். அது ஆர்என்ஏவைத்தான் அழிக்கும், ஏற்கெனவே தயாரான புரதத்தைத் தொடாது. மோட்டாரை நிறுத்தினாலும் தொட்டியில் இருக்கும் தண்ணீர் தீரும்வரை குழாயில் வரத்தான் செய்யும். புரதம் நீண்ட நாள் வாழக்கூடியது என்றால் முட்டையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது. இலக்கு தவறி வேறு ஆர்என்ஏவைத் தாக்கும் அபாயமும் உண்டு. ஒரே மரபணுவின் வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கும் இரண்டு வகைகள் ஒரே குறையைத் தர வேண்டும். அதைவிட நல்லது, குறுக்கீட்டுக்கு இலக்காகாதபடி எழுத்துகளை மாற்றி அமைத்த இ-இசட் மரபணு ஒன்றைத் திரும்பக் கொடுத்து கரு பிழைக்கிறதா என்று பார்ப்பது. அதே மரபணுவின் நொதிச்செயல் இழந்த வடிவத்தையும் கொடுத்துப் பார்த்தால், புரதம் இருந்தால் போதுமா, வேலை செய்ய வேண்டுமா என்ற கேள்வியும் சேர்ந்தே தீரும். தனியே இன்னொரு முறை தேட வேண்டியதில்லை.

வெப்பத்துக்கு மசியும் பிறழ்வு ஒன்றும் இருக்கிறது, இ-இசட் 61. 18 டிகிரியில் இயங்கும், 29 டிகிரியில் செயலிழக்கும்; குரோமோசோம்களை விட்டே விலகிவிடும். தாயை 18-இல் வைத்து முட்டை இடவிட்டு, முட்டையை 29-க்கு மாற்றினால் ‘முட்டை இட்ட பிறகு அகற்றுதல்’ என்ற சோதனை கிட்டத்தட்டச் செலவின்றி முடிந்துவிடும். கேட்க இனிக்கிறது. ஆனால் வெப்பம் மாறினால் கருவின் கடிகாரமே மாறும். 18 டிகிரியில் வளர்ச்சி 25-இல் நடப்பதைப் போல் இரு மடங்கு நேரம் எடுக்கும். எத்தனை மணி நேரம் என்று எண்ணி ஒப்பிட்டால் எல்லாம் குழம்பிப்போகும். உருவ அடையாளத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். முன்னோட்டத்துக்கு நல்லது. இதை மட்டும் வைத்து ஒரு முடிவை நிறுவ நான் துணிய மாட்டேன்.

இப்போது புரதத்தையே நேராகப் பிடிக்கும் முறைகள். அடிப்படை ஒன்றுதான்: ஈயின் சொந்த இ-இசட் மரபணுவோடு கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறை மூலம் ஜிஎஃப்பி ஒளிர்புரதத்தை இணைத்துவிட்டு, ஜிஎஃப்பியைக் கவ்வும் நானோபாடி என்ற சிறிய எதிர்ப்புரதத் துண்டை ஏவிவிடுவது. நானோபாடியோடு எதை ஒட்டுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. 2012-இல் வந்த டிகிராட்-எஃப்பி முறையில் அதை செல்லின் புரத அழிப்பு இயந்திரத்தோடு இணைக்கிறார்கள். கவ்விய புரதம் சிதைக்கப்படும். ஆனால் சிதைவு முடிய மணிக்கணக்காகும். முழுக் கதையே இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் கருவுக்கு அது மெதுவான வண்டி. லார்வாவின் உறுப்புகளுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் ஓஃபாரெல் குழு 2019-இல் வேறு மாதிரி யோசித்தது. அழிக்க வேண்டாம், உட்கருவுக்குள் போகவிடாமல் பிடித்து வைத்தால் போதும். பழ ஈ முட்டை முழுக்கக் கொழுப்புத் துளிகள். அவற்றின் மேற்பரப்பில் ஜப்பா என்ற புரதம் உட்கார்ந்திருக்கிறது. ஜப்பாவோடு நானோபாடியை ஒட்டினால், ஜிஎஃப்பி தாங்கிய புரதம் உட்கருவுக்கு வெளியே கொழுப்புத் துளியில் மாட்டிக்கொள்ளும். இதில் ஒரு சுவாரசியம்: ஜப்பா இயல்பிலேயே அதைத்தான் செய்கிறது, முட்டையில் உபரியாக இருக்கும் ஹிஸ்டோன்களைக் கொழுப்புத் துளிகளில் பிடித்து வைக்கிறது. இருக்கிற கொக்கியை வேறு பொருளுக்குத் திருப்பியிருக்கிறார்கள். அந்தக் குழு ஆராய்ந்தது இன்னொரு ஒடுக்கும் நொதியான எக்லெஸ். ஹிஸ்டோன் எச்3-இன் 9ஆவது லைசினில் மெத்தில் ஒட்டுவது. தொடக்கச் சுற்றுகளின் அவசரமே அந்த முத்திரை விழாமல் தள்ளிப்போடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அதே வேகமான சுற்றுகள்தான் 27ஆவது லைசினிலும் ஓடுகின்றன. அங்கே தாயின் முத்திரை தாக்குப்பிடிக்கிறது, இங்கே முத்திரை காத்திருக்கிறது. ஒரே கருவில் இரண்டு ஒடுக்க முறைகள் காலத்தை வேறு வேறு விதமாகக் கையாளுகின்றன.

ஜப்பா பொறியின் பலம் வேகம். தயாராக இருக்கும் புரதத்தையே பிடிப்பதால் ‘தொட்டியில் மிச்சம்’ என்ற கவலை இல்லை. ஆனால் நிபந்தனைகள் கறாரானவை. தாயின் இரண்டு நகலிலும் ஜிஎஃப்பி இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டால் ஜிஎஃப்பி இல்லாத புரதம் ராஜாவாக உட்கருவுக்குள் போகும். ஜிஎஃப்பியைச் சேர்த்ததால் புரதம் முடமாகவில்லை என்பதற்கு, இரண்டு நகலிலும் அதைச் சுமக்கும் ஈக்கள் தலைமுறை தலைமுறையாக நலமாக வாழ்வதுதான் அத்தாட்சி. அப்புறம், இ-இசட் தனி ஆள் இல்லை. கொழுப்புத் துளிக்கு அது இழுக்கப்படும்போது எஸ்க், சு(இசட்)12 எல்லாம் கூடவே இழுபடக்கூடும். கூட்டமைப்பையே அகற்றியதாக எழுதினால் நேர்மை. ஒரு புரதத்தை மட்டும் அகற்றியதாக எழுதினால் பொய்.

இதைவிட வேகமானது ஒளி. ஓட்ஸ் செடியின் எல்ஓவி2 பகுதியைப் புரதத்தோடு ஒட்டினால், நீல ஒளி படும்போது உள்ளே மறைந்திருக்கும் ‘வெளியேறு’ குறிப்பு திறந்து, புரதம் உட்கருவிலிருந்து வெளியே போகும். ஒளியை அணைத்தால் திரும்பும். பழ ஈக் கருவில் 2021-இல் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள், மாற்றம் சில நிமிடங்களுக்குள் நடக்கிறது. ‘13ஆவது சுற்றில் மட்டும்’, ‘14 தொடங்கி கால் மணி நேரம் மட்டும்’ என்று வெட்டி எடுக்கும் துல்லியம் வேறெதிலும் இல்லை. விலை என்ன? தாய் ஈக்களையும் முட்டைகளையும் சிவப்பு விளக்கில்தான் கையாள வேண்டும். ஜிஎஃப்பியைப் பார்க்கத் தேவையான ஒளியே நீலம் என்பதால், பார்க்கும் கணமே சோதனை தொடங்கிவிடும். நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு கருவாக வேலை செய்கிறபோது, முத்திரையை மரபணுத்தொகுதி முழுக்க அளக்கத் தேவையான எண்ணிக்கையில் கருக்களைச் சேர்ப்பது பெரும்பாடு. குரோமாட்டினோடு (டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்த இழையோடு) இறுக ஒட்டியிருக்கும் புரதம் மிதக்கும் புரதத்தைப் போல எளிதில் வெளியேறாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆக்சின் ஹார்மோனால் தூண்டப்படும் சிதைவும் இதே குடும்பம்தான். அங்கே ஆக்சினை முட்டையின் உள்ளுறையைத் தாண்டி உள்ளே அனுப்புவதுதான் தலைவலி.

கடைசி வழி புரதத்தையே தொடாது. முத்திரை விழும் இடத்தை மாற்றிவிடும். பழ ஈயில் ஹிஸ்டோன் மரபணுக்கள் எல்லாம் ஒரே இடத்தில் நூறளவு நகல்களாகக் குவிந்திருக்கின்றன. அந்தத் தொகுதியை மொத்தமாக நீக்கிவிட்டு, 27ஆவது லைசினுக்குப் பதில் ஆர்ஜினின் உள்ள ஹிஸ்டோனைக் கொடுக்கலாம். 2013-இல் இப்படிச் செய்தபோது, வளரும் சிறகுத் திசுவில் பிஆர்சி2 இல்லாத செல்களில் காணும் அதே ஹாக்ஸ் குழப்பம் வந்தது. நொதி வேறு எதையாவது மெத்திலேற்றுவதால்தான் ஒடுக்கம் நடக்கிறதோ என்ற சந்தேகத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஆனால் நம் கேள்வி கருவைப் பற்றியது. ஹிஸ்டோன்களையும் தாய்தான் முட்டையில் நிரப்பி வைக்கிறாள். ஹிஸ்டோன் மரபணுத் தொகுதியே இல்லாத கருக்கூட தாயின் கையிருப்பை வைத்து 14 சுற்றுகளை முடித்துவிடும். முதல் இரண்டு மணி நேரத்தைப் பற்றி இந்த அழகான முறை ஒன்றும் சொல்லாது.

எனக்கு ஒரு ஆய்வு மாணவர் வந்து இ-இசட் பற்றிக் கேட்டால், முதலில் எஸ்க் கலப்பைச் செய்து தோல் ஸ்லைடு ஒன்றைத் தயாரித்துப் பார்க்கச் சொல்வேன். செலவில்லை, கருவில் ஒடுக்கம் உடைந்தால் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும். அதோடு தாய்வழி ஆல்ஃபா-டியூபுலின் இயக்கியில் இரண்டு கொண்டைஊசி வகைகளைத் தொடங்கலாம், புரத அளவை வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்கலாம். பெரும்பாலான ஆய்வேடுகளுக்கு அது போதும். ஜிஎஃப்பி இணைத்த ஈயைத் தயாரிக்க மாதக்கணக்காகும். குறுக்கீட்டின் முடிவு வந்து, ‘தாயின் முத்திரை காரணமா, கருவில் நடக்கும் புதுப்பிப்பு காரணமா’ என்ற கேள்வி உண்மையிலேயே எழுந்தால் மட்டும் பொறிக்கும் ஒளிக்கும் போகலாம். ஆராய்கிற புரதம் வேறு என்றால் வரிசையும் மாறும். முட்டை உருவாக்கத்தில் பங்கில்லாத, நீண்ட ஆயுள் உள்ள புரதமென்றால் குறுக்கீட்டை விட்டுவிட்டு நேராகக் குளோனுக்குப் போவேன்.

எந்த வழியானாலும் முட்டை சேகரிக்கும்போது முதல் ஒரு மணி நேரம் இடுவதை எறிந்துவிட வேண்டும். பெண் ஈ கருவுற்ற முட்டையைச் சில நேரம் வயிற்றிலேயே வைத்திருந்து இடும். 40 நிமிடம் என்று நினைக்கும் கருக்களின் நடுவே நான்கு மணி நேரக் கரு ஒன்று கலந்துவிட்டால், அதன் சொந்த இ-இசட் போட்ட முத்திரையைத் தாயின் முத்திரையென்று எண்ணிவிடுவோம். எண்ணெயில் மூழ்கடித்து, ஒவ்வொரு கருவின் பருவத்தையும் கண்ணால் உறுதிசெய்த பிறகே குழாய்க்குள் போட வேண்டும். கட்டுப்பாட்டுக் கரு, அதே இயக்கியும் ஈயில் இல்லாத எம்செர்ரி மரபணுவைக் குறிவைக்கும் கொண்டைஊசியும் சுமக்கும் தாயிடமிருந்து, அதே நாளில், அதே வெப்பத்தில் எடுத்ததாக இருக்கட்டும்.